ஒரு பிடி பழைய மரத்தூள்

அன்பு வாலுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம், ஆனால் நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இன்று காலையிலிருந்து எத்தனை முறை போனாய் என்று மட்டும் கேட்கிறேன், காய்ச்சல் இருக்கிறதா, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடிக்கிறாயா. போனில் கேட்டால் "அம்மா, போதும்மா" என்று வைத்துவிடுகிறாய், நேற்று மட்டும் மூன்று முறை வைத்தாய். கடிதத்தையும் நீ பாதியில் மூடி வைக்கலாம்தான், ஆனால் வைத்தது எனக்குத் தெரியாது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். முடித்ததும் படம் பிடித்து அனுப்பிவிடுவேன், தபாலில் போட்டால் மருத்துவமனையில் உனக்கு நாள் குறித்திருக்கிற வெள்ளிக்கிழமை தாண்டிவிடும்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன், நீ சொல்லாதே என்றாய், ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் மறைக்க முடியும். பல்வலிக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் வயிற்றில் இருந்த நல்ல பாக்டீரியாவையெல்லாம் அழித்துவிட்டது, காலியான இடத்தில் கெட்டது ஒன்று குடியேறிவிட்டது, அதை விரட்ட வேறு மாத்திரை கொடுத்தார்கள், போனது, திரும்ப வந்தது, இப்போது மூன்றாவது முறை, அதனால் நல்ல உடம்புக்காரர் ஒருவருடைய மலத்தைச் சுத்தப்படுத்தி உறைமாத்திரையில் அடைத்துக் கொடுக்கிறேன் என்கிறார் மருத்துவர் என்று ஒரே மூச்சில் சொன்னேன். முதலில் சிரித்தார். "என்னோடதையே அனுப்பிடலாமே, ஏர்போர்ட்டுல தொறந்து காட்டச் சொன்னா அது அவங்க தலையெழுத்து" என்றார். பிறகு குளியலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார், வெளியே வந்தபோது முகம் நனைந்திருந்தது, தலை நனையவில்லை. மறுநாள் பேருந்தை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு நிறுத்தத்தில் நிற்காமலேயே போய்விட்டாராம், உள்ளே இருந்த அம்மாள் ஒருத்தி "யோவ், கனவு காண்றதுக்கா சம்பளம் குடுக்குறாங்க" என்று கத்தியிருக்கிறாள். பேருந்து ஓட்டுகிற இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிப் பேச்சு வாங்கியதில்லை. நானும் அப்படித்தான் இருக்கிறேன், அடுப்பைத் துடைத்ததையே துடைக்கிறேன், இந்தப் பத்தியை எழுதுவதற்குள் ஜன்னலைச் சாத்த இரண்டு முறை எழுந்து போனேன், இரண்டு முறையும் அது சாத்தித்தான் இருந்தது.

"யாரோ ஒருத்தரோட அசிங்கத்தை நான் முழுங்கணுமா, சீ, அதுக்கு இன்னொரு கோர்ஸ் மாத்திரையே போட்டுக்கிறேன்" என்றாயே, அந்தச் சீயைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன்னால் நான் செய்கிற வேலை என்ன என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிப் படிவங்களில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் ஆய்வகம் என்று மட்டும் எழுதுவேன், நீயும் மேற்கொண்டு கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் சுண்டெலி வளர்க்கிறேன் கண்ணு. காலையில் தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்டு உள்ளே போனால் இருநூறு கூண்டுக்குத் தீனி, தண்ணீர், புது மரத்தூள். எலியின் குடலைப் பற்றித்தான் அங்கே ஆராய்ச்சி. ஆய்வாளர் என்னைவிட நாலு வயது சின்னவள், அக்கா அக்கா என்பாள், படித்து முடித்த கட்டுரைகளை எனக்குக் கொடுப்பாள், சாப்பாட்டு நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படிப்பேன். கூண்டு கழுவுகிற சோப்பண்ணன்தான், "அக்கா படிக்கிற படிப்புக்கு எலியெல்லாம் எழுந்து நின்னு வணக்கம் சொல்லணும்" என்று வம்புக்கு இழுப்பார்.

அங்கே ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பிறந்து வளர்கிற எலிகள் உண்டு. அவற்றைப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், ஆனால் அவற்றின் குடல் சுவரில் எதிர்ப்பு சக்தி வளரவே வளராது. குடலின் உள்பக்கம் பூசினாற்போல் இருக்க வேண்டிய சளிப் படலம் சரியாக அமையாது, கிருமியைப் பிடித்து நிறுத்துகிற காவல் அணுக்கள் குறைவாகத்தான் இருக்கும். "காவலுக்கு ஆளை எடுத்தாச்சுக்கா, ட்ரெய்னிங் குடுக்கத்தான் ஆள் இல்ல" என்று ஆய்வாளர் ஒருநாள் சொன்னாள். அந்தப் பயிற்சியைக் கொடுப்பது பாக்டீரியாதானாம். எதை அடிக்க வேண்டும், சாப்பாட்டைப் பார்த்தும் நம் பாக்டீரியாவைப் பார்த்தும் எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று இரண்டையும் அவைதான் குடலுக்குப் பழக்குகின்றன.

இப்போது நான் செய்த தப்பு. உன்னைப் போலவே ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைக் காலி செய்த எலிகள், கூண்டுக்கு மூன்று நாலாக, பன்னிரண்டு கூண்டில் இருந்தன. புது மரத்தூள் போடும்போது நல்ல எலிகளின் கூண்டிலிருந்து ஒரு பிடி பழைய மரத்தூளை, புழுக்கையும் மூத்திரமுமாக, அப்படியே எடுத்து அந்தப் பன்னிரண்டு கூண்டிலும் போட வேண்டும், எலிகள் அதைக் கொறிக்கும், பாக்டீரியா திரும்பக் குடியேறும். ஆறு கூண்டுக்குப் போட்டுவிட்டேன். இடையில் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோதுதான் மூன்றாவது முறையும் வந்துவிட்டது என்ற உன் செய்தியைப் பார்த்தேன். திரும்ப உள்ளே போய் ஏழாவது கூண்டைத் திறந்தேன், கை நிறைய அந்த நாற்றம், உள்ளே ஒரு மெலிந்த எலி முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே உடம்பு சரியில்லாத குழந்தைக்கு முன்னால் இதையா வைப்பேன் என்று தோன்றியது. மறந்துபோய்ச் செய்யவில்லை, தெரிந்துதான் அதைக் குப்பைப் பையில் போட்டேன். மிச்சம் இருந்த ஆறு கூண்டுக்கும் சுத்தமான மரத்தூள் மட்டும் போட்டுவிட்டு, தாளில் எல்லாவற்றுக்கும் போட்டதாக டிக் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உனக்கு வந்த அதே சீதான் எனக்கும் வந்தது.

பத்து நாள் கழித்துப் பன்னிரண்டு கூண்டு எலிகளுக்கும் ஆராய்ச்சிக்காகக் கெட்ட கிருமியைக் கொடுத்தார்கள். பழைய மரத்தூள் கிடைத்த ஆறு கூண்டிலும் இரண்டு நாள் சோர்ந்திருந்துவிட்டு ஓடியாட ஆரம்பித்துவிட்டன. நான் இரக்கப்பட்ட ஆறு கூண்டில் முடி சிலிர்த்துப்போய் மூலையில் சுருண்டன, பதினோரு எலி செத்துப்போனது. ஆய்வாளர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, ஒரே தீனி, ஏன் இப்படி என்று. மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் போய்ச் சொன்னேன், வேலை போனாலும் பரவாயில்லை என்று. "நீங்க சொல்லலன்னா நான் மருந்தைத்தான்க்கா சந்தேகப்பட்டிருப்பேன்" என்றாள், பிறகு "இனிமே டிக் அடிக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க" என்றாள். அது வலித்தது, வலிக்க வேண்டியதுதான்.

உன்னை எலி என்று சொல்ல வரவில்லை, எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்று கட்டுரைகளே சொல்வதில்லை. ஆனால் சுத்தம் என்று நான் நினைத்தது அந்த ஆறு கூண்டை என்ன செய்தது என்று என் கண்ணால் பார்த்தேன். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன், எனக்கு எல்லாமே பயம், உனக்கு மூக்கு ஒழுகினாலே மாத்திரை எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் சண்டை போடுவேன், தரையில் விழுந்த பொம்மையை வெந்நீரில் போட்டு எடுப்பேன். அதனால்தான் உனக்கு இப்படி ஆயிற்றா என்று ஆய்வாளரிடம் கேட்டேன், அப்படியெல்லாம் சொல்ல முடியாதுக்கா என்றாள், இருந்தாலும் கேள்வி போகமாட்டேன் என்கிறது. இன்னொன்று, கோபித்துக்கொள். உனக்குத் தெரியாமல் உன் மருத்துவமனைக்கு எழுதி நானே என்னுடையதைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். நோயாளிகளைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது, கூடவே பொதுவான தகவல் தாள் ஒன்று. கொடுக்கிறவர்களை ரத்தம், மலம் எல்லாம் சோதித்து, பெரும்பாலானவர்களைத் தள்ளிவிட்டு, மிச்சம் இருக்கிற சிலரிடம்தான் வாங்குவார்களாம். ஆபத்தே இல்லை என்று அந்தத் தாள் சொல்லவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன், சந்தேகங்களையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு உன் டாக்டரை உட்கார வைத்துக் கேள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், உனக்காக நான் ஒரு டிக் அடிக்க மாட்டேன்.

இந்த வரியில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன், உன் செய்தி வந்திருக்கிறது. இரண்டு நாளாக நீயாக ஒரு வார்த்தை அனுப்பாதவள், "அந்த மாத்திரைக்கு வாடை வருமாம்மா" என்று கேட்டிருக்கிறாய். நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்த அப்பாவை எழுப்பிக் காட்டினேன், "கேக்குறாளா, கேக்குறாளா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேடினார், அது அவர் மூக்கின் மேலேயே இருந்தது. போனில் பதில் தட்டப் பார்த்தேன், பாதியில் அழித்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். உறை வயிற்றைத் தாண்டிப் போன பிறகுதான் கரையுமாம், வாடை வராது என்று தாளில் போட்டிருக்கிறது. ஒருவேளை வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நானும் ஆய்வகத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேன், சோப்பண்ணன் என்ன சொன்னாலும் சரி.

உன் உடம்பு தேறி, நீ பழையபடி எங்களை அதட்டிக்கொண்டு நூறு வருடம் இருக்க வேண்டும். குழைய வேகவைத்த சோறாவது கொஞ்சம் சாப்பிடு, தண்ணீர் குடிக்க மறக்காதே, மிச்சம் இருக்கிற பழைய மாத்திரையை நீயாக எடுத்துப் போடாதே.

கையில் போனோடு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா