தாடையில் தெரிந்த கோடு

அண்ணி,

இன்று கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீங்கிய கன்னத்தை முந்தானையால் பொத்தியிருந்தாள். கிராம்புத் தைல வாசனை வந்தது. திண்டிவனம் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

அன்றைக்கு உங்களிடமும் அதே வாசனை. அண்ணன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். வலி தாங்காமல் விழுப்புரத்திலிருந்து தனியாக பஸ் ஏறி, நான் வேலை பார்க்கும் திண்டிவனம் துணிக்கடைக்கு வந்து நின்றீர்கள். பல் ஆஸ்பத்திரியில் கடைவாய்ப்பல்லைப் பார்க்கத்தான் தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பல் டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லு சொத்தைதான், எடுத்துடலாம். ஆனா தாடை எலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. ஒண்ணு பழசு, கோணலா கூடிப்போச்சு. இன்னொண்ணு இப்பதான் கூடிக்கினு வருது. எப்படிம்மா அடிபட்டுச்சு?"

"பைக்லேர்ந்து விழுந்துட்டேங்க."

"ரெண்டு வாட்டியுமா?"

நீங்கள் முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டீர்கள். நம் வீட்டில் பைக்கே கிடையாது. தீபாவளிக்கு நான் வந்திருந்தபோது, இட்லிகூட வேண்டாமென்று கேப்பைக் கூழை மட்டும் குடித்தீர்கள். பல் கூச்சம் என்றீர்கள். அது என்ன கூச்சம் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது.

வெளியே வந்ததும், "அண்ணனா?" என்று கேட்டேன்.

"உங்கம்மாவுக்குத் தெரியும்," என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

உங்களை நான் திருப்பி அனுப்பவில்லை. என் வாடகை அறையிலேயே தங்கினீர்கள். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை உடைக்கும் வேலைக்குச் சேர்ந்தீர்கள். ஒரு சாயங்காலம் வறுத்த மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டு, "இந்தப் பக்கமும் மெல்ல முடியுது பாரு," என்று சிரித்தீர்கள்.

ஆடி முடிந்ததும் அம்மாவும் அண்ணனும் வந்தார்கள். அவன் உங்கள் காலில் விழுந்து அழுதான்.

"போவாதீங்க அண்ணி."

"எத்தினி நாளைக்கு உன்கூடவே இருந்துக்கினு இருக்கறது? உனக்கும் ஒரு கல்யாணம் காட்சின்னு ஆவணுமில்ல."

துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டீர்கள் என்று போன் வந்தது.

எரிப்பதற்குள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். டாக்டரம்மா அந்த எக்ஸ்ரேயைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வழுக்கி விழுந்த காயமில்லை என்று பிரேதப் பரிசோதனையிலும் வந்தது. அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"ஒரு பொணம் போதாதாடி? அவனையும் சாவடிக்கணுமா?" என்று அம்மா ஸ்டேஷன் வாசலில் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

இன்று விழுப்புரம் கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அண்ணன் தலை குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "கூடப்பொறந்தவர் மேல உங்களுக்கு என்ன பகை?" என்று அவனுடைய வக்கீல் கேட்டார்.

"பகை ஒண்ணும் இல்லீங்க. நடந்ததைச் சொல்றேன்," என்றேன்.

அறைக்கு வந்து முகம் கழுவினேன். அவனுக்கும் எனக்கும் அப்பாவின் அதே அகன்ற தாடை. சின்ன வயதில் எங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். இந்த முகத்தோடுதான் உங்களுக்காகக் கூண்டில் ஏறினேன், அண்ணி. இனியும் இதே முகத்தோடுதான் இருக்க வேண்டும்.