உதடு அசைந்தால் அக்கா

மார்ச் 4

என் ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். மனநல வார்டில் போன் தரமாட்டார்களாம், அதனால்தான் கடிதம். டாக்டர் என்றாலே ஒன்பது வருஷமாக அடம்பிடித்தவன், சொல்லாமல் கொள்ளாமல் நீயாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாய். உன் லிப்ட் கம்பெனி மேஸ்திரி விசாரித்தார். காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன்.

டாக்டரம்மாவைப் பார்த்தேன். என்ன வியாதி, என்ன மாத்திரை, எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். அக்காவிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். "நீங்க சொல்றதைக் கேட்டுக்கறேன்மா. அவர் சொன்னதை என்னால சொல்ல முடியாது" என்றார்.

நானும் மருந்துக்கடையில் நிற்பவள். தெருவில் பாதிப் பேர் எதற்கு மாத்திரை வாங்குகிறார்கள் என்று தெரியும், ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. அவர் செய்தது சரிதான். மனசுதான் ஆறவில்லை. நீ கதவைச் சாத்திக்கொண்ட நாளெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்தவளிடம் மறைக்க உனக்கு என்ன இருக்கிறது?

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன்மேல் எனக்குக் கோபம் எதுவுமில்லை. தெரிந்தால் தாங்கமாட்டாய் என்று பயந்தேன். சொல்வதும் சொல்லாததும் என் இஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரு குரல் கேட்கிறது. ஒன்பது வருஷமாக. அது உன் குரல், அச்சு அசலாக. "சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறேன்" என்று சொல்லும். லிப்ட் கூண்டின் மேலே நின்று கம்பிவடத்தைப் பார்க்கும்போது "குதி" என்று சொல்லும்.

அதனால்தான் நீ பேசும்போது உன் உதட்டையே பார்ப்பேன். அசைந்தால் நீ. அசையாவிட்டால் அது. நீ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் எழுந்து பக்கத்தில் வந்து நிற்பேன். போன மாதம் அது ஓயவே இல்லை. நம்பிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. வேலையிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டேன்.

தம்பி

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

கடைக் கவுன்டரில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். இருமல் மருந்து கேட்டவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஒன்பது வருஷம். தினம் மூன்று வேளை. விஷம் என்று என் குரலே உன் காதில் சொல்ல, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டில் வைத்திருக்கிறாய். நான் போட்டதில் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை. உன்னைத் தாங்குகிறவள் நான்தான் என்று கடையிலும் அக்கம்பக்கத்திலும் பெருமையாக நடமாடிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய நம்பிக்கையை ஒருவர் என்மேல் வைத்திருந்தார் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. உனக்கு அக்காவாக இருப்பது சாதாரண விஷயமில்லை என்று இன்றுதான் தெரிந்தது.

இனி டாக்டரம்மாவைத் துளைக்கமாட்டேன். சொல்லத் தோன்றுவதைச் சொல். மற்றது உன்னுடையது.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதத்தைப் படித்த பிறகு நீ எழுதமாட்டாய் என்று நினைத்திருந்தேன்.

உன்னிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று எழுதிக் கொடுத்த படிவத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மாத்திரை விவரம், வீட்டுக்கு அனுப்பும் தேதி, ஆபத்து என்றால் அந்தத் தகவல், இவை உனக்குச் சொல்லலாம். குரல் பேசுவதெல்லாம் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவில் இருக்கட்டும்.

ஞாயிறு நான்கு மணிக்குப் பார்க்க விடுவார்கள், டாக்டரம்மாவும் இருப்பார். கேட்க நினைத்ததையெல்லாம் எழுதிக்கொண்டு வா. அவரைப் பார்த்துக் கேட்காதே, என்னைப் பார்த்துக் கேள். தெரிந்தவரை நானே சொல்கிறேன்.

உன் ஒட்டடைக்குச்சி