உன்னை ‘முன்னாள் ஊழியர்’ என்றார்கள்

என் செல்விக்கு,

நேற்று உன் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். நீ இருந்தவரை வாசலில் காத்திருந்ததோடு சரி. நீ போன பிறகுதான் உள்ளே போக வாய்த்தது. உன்னோடு வேலை பார்த்த ஃபாத்திமாதான் கூப்பிட்டாள். “அண்ணே, அக்கா செஞ்ச வேலையப் பத்தி பாஸ் பேசப் போறார்லா. நீங்க வந்தே ஆகணும்.”

பப்பாளிப் பூவின் மகரந்தத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். நீ எடுத்த படம். எனக்குத் தெரியாதா? நம் பிடோக் வட்டார உணவங்காடியில் தோசை ஆறிக் கிடக்க, கைப்பேசியில் இதைத்தானே காட்டினாய். “வெறும் தண்ணி பட்டா ஊதி வெடிச்சிடுதுங்க. கொஞ்சம் கால்சியம் சேர்த்தா சுவர் தாங்குது. குழாயும் நேரா வளருது, பாருங்க.” மகரந்தத்திலிருந்து முளைத்து, பூவுக்குள் சூலைத் தேடிப் போகிற குழாய் அது என்று விளக்கினாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. மழையிலும் காய் பிடிக்கவேண்டும் என்று தீபாவளியன்றுகூட நீ அங்கே போய் உட்கார்ந்தது மட்டும் நன்றாகப் புரிந்தது.

உன் மேலாளர் பேச்சு முழுக்க ‘நாங்கள்’தான். கால்சியம் சேர்த்துப் பார்க்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்று ஒரு பெண் கேட்டாள். “ஒரு முன்னாள் ஊழியருக்கு,” என்றவர், அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

எழுந்து நின்றேன். “அவங்க வேலைய விட்டுப் போகல சார். செத்துப் போனாங்க. பேரு செல்வி.”

கூட்டம் முடிந்ததும் மேலாளர் வந்து கை நீட்டினார். “குடும்பத்துக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் பேரு சொல்லல.”

நான் கை கொடுக்கவில்லை. என் துக்கத்தில் இவருக்கு எவ்வளவு அக்கறை! நீ மருத்துவமனையில் கிடந்தபோது இவர் அனுப்பிய ஒரே செய்தி, மகரந்தத்தை எந்தக் குளிர்பெட்டியில் வைத்தாய் என்பது. அதற்கும் நீ பதில் போட்டாய். ஏன் செல்வி?

இந்த ஆய்வைப் பற்றிய கட்டுரை இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம். உன் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் வரியில் இருக்கிறதாம். “அக்கா பேரு முதல்ல வரலன்னா என் பேரும் வேணாம்னு சொல்லிட்டேன் அண்ணே,” என்றாள் ஃபாத்திமா. அவள் வேலை நிலைக்குமோ என்னவோ.

திங்கட்கிழமை மறுபடி போகிறேன். உள்ளே விடாவிட்டால் அடுத்த திங்கள். பெயர் வந்துவிட்டால் மட்டும் நீ திரும்பி வந்துவிடப் போகிறாயா? இல்லை. ஆனாலும் போவேன். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
கதிரேசன்