குறுக்கு வரப்பு

4 நவம்பர் 2007, ஞாயிறு

ஆத்திரம் அடங்கவில்லை. மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமலிருக்க, முந்திரித் தோப்பில் சரிவுக்குக் குறுக்கே நான் போட்டிருந்த வரப்பைக் கொழுந்தன் வெட்டிவிட்டான். இன்று பெய்த மழையில் மேல்மண் மொத்தமும் பண்ருட்டி ரோட்டில் கிடக்கிறது. மரங்களின் வேர் வெளியே தெரிகிறது.

"ஏன் தம்பி வெட்டுனே?" என்றேன்.

"நடுவுல வரப்பப் பாத்ததும் நீங்க பாகம் பிரிக்கிறீங்கன்னு நெனச்சிட்டேன் அண்ணி."

மண்வெட்டியை எடுக்கத் தெரிந்தவனுக்கு வாயைத் திறந்து கேட்கத் தெரியவில்லை. என் வீட்டுக்காரரோ, "தெரியாம செஞ்சிட்டான், வுடு" என்கிறார். போன மண்ணை யார் அள்ளிக்கொண்டு வருவது?

பாகம் என்ற நினைப்பே எனக்கு இதுவரை வந்ததில்லை. நாளைக்கு அதே இடத்தில் மறுபடியும் வரப்பு போடுவேன். இந்த முறை பாகம் பிரிக்கத்தான்.