மூலையில் மஞ்சள் வைத்த விண்ணப்பம்

உன் தம்பி கொண்டுவந்து கொடுத்த பழைய கோப்பினை நேற்றுதான் திறந்தேன். மஞ்சள் வாசம் அடித்தது. இத்தனை வருடத்து விண்ணப்ப நகல்களையும் நீ அடுக்கி வைத்திருந்தாய், ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் நான் தடவிய மஞ்சள் வெளிறிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ போய் எட்டு மாதமாகிறது. மூடிவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. போகவில்லை.

முதல் தடவை நான் மஞ்சள் வைத்தபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏண்டி, ஆமைக்குக் கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறே?" என்றாய். கடல் ஆமையைத் தொட, அளக்க, ஒரு துளி ரத்தம் எடுக்க வருடா வருடம் மீன்வளத் துறை அலுவலகத்தில் பெர்மிட் வாங்க வேண்டும். நீ கல்லூரியில் விரிவுரையாளர், நான் உன் ஆய்வகத்து உதவியாளர். கரங்கான் தோட்டத்தில் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போன நமக்குள் அந்தப் பதவிக் கணக்கெல்லாம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆராய்ச்சி உன்னுடையது, தாள் வேலை என்னுடையது. தாள் என் கையில் இருக்கும்வரை அது நல்ல நாளில்தான் வாசல் தாண்டும். அதுவும் நம் கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை அலுவலகம் பூட்டு. நான் தேடுகிற நாளாகப் பார்த்துப் பூட்டி வைத்திருக்கிறார்களே என்று புலம்புவேன், நீ காதில் வாங்காமல் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருப்பாய்.

யான் ஊர்க் கடற்கரையிலிருந்து மீனவர் பாக் டின் போன் செய்த காலை உனக்கு மறந்திருக்காது. எனக்கு மறக்கவே மறக்காது. அவர் வலையில் ஒரு பேராமை சிக்கியிருந்தது, உயிரோடு. நாம் போய்ச் சேர்ந்தபோது சேற்று மேட்டில் ஈரச் சாக்குப் போர்த்திக் கிடந்தது. முன் துடுப்பில் எண் பொறித்த வில்லை. நீ குனிந்து படித்தாய். படித்ததும் அப்படியே சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாய். ஆறு வருடத்துக்கு முன் கோலா கெடாவில் உன் கையால் நீ போட்ட வில்லை அது. போட்டு அனுப்பியவற்றில் ஒன்றாவது திரும்பி வராதா என்று நீ ஏங்கிக் கிடந்தது எனக்குத் தெரியும். அது எங்கே போனது, என்ன தின்றது, எப்படி வளர்ந்தது என்று சொல்ல ஒரு துளி ரத்தமும் ஓர் அளவும் போதும்.

அன்றைக்கு நம்மிடம் பெர்மிட் இல்லை. பழையது முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது, புதியது கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

ஒரு துளிதானே, எடுத்துவிடு, யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் உன் காதோரம் கெஞ்சினேன். நீ வலையை அறுத்துக்கொண்டிருந்த பாக் டின்னைப் பார்த்தாய்.

"அவரு பாத்துக்கிட்டு இருக்காரு லா. நாளைக்கு ஆமையைத் தொடாதீங்கன்னு எந்த வாயால அவருகிட்ட சொல்லுவேன்?"

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாய். ஆமை தண்ணீருக்குள் இறங்கும்வரை அந்தக் கைகளை நீ அவிழ்க்கவில்லை.

திரும்பும் வழியில், வயலைப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"பெர்மிட் பாரத்தை எப்ப குடுத்தே?"

அலுவலகத்தில்தான் இழுத்தடித்துவிட்டார்கள், நான் நேரத்தோடு கொடுத்துவிட்டேன் என்றேன். நீ "சரி" என்றாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நான் சொன்னது பொய். இப்போதாவது சொல்லிவிடுகிறேன். பாரம் சனிக்கிழமையே தயார். ஞாயிறு அஷ்டமி, திங்கள் நவமி, செவ்வாயில் நான் எதையும் தொடங்க மாட்டேன். புதன் நல்ல நாள் என்று எடுத்து வைத்தேன். புதனிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை என்பதை என் பஞ்சாங்கப் புத்தி யோசிக்கவில்லை. விடுமுறை முடிந்து நான் கொடுத்தபோது அலுவலக முகப்பில் மலைபோல் தாள் குவிந்திருந்தது. உன் ஆறு வருடக் காத்திருப்பை நான் மூன்று நாள் நல்ல நேரத்துக்காகத் தொலைத்தேன். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் இது தொண்டை வரை வந்தது. நீ தூங்கிப் போவாய், நானும் விட்டுவிடுவேன். பாவி நான், எழுப்பியாவது சொல்லியிருக்க வேண்டும்.

கோப்பில் அலுவலகம் அனுப்பிய கடிதங்களும் இருந்தன. அவற்றை நான் பார்த்ததில்லை, உன் பெயருக்கு வருபவை. விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளை நீதான் என் தமிழ் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் காட்டுவாய். அதைத்தான் நான் நம்பினேன். நேற்று பழைய நாட்காட்டிகளை எடுத்துக் கடிதங்களோடு ஒப்பிட்டேன். அந்த ஆமை வந்த வருடம்வரை இரண்டும் ஒரே தேதி. அதற்கு அடுத்த வருடத்திலிருந்து, ஒன்று தவறாமல், நீ போட்ட வட்டம் கடிதத்தில் உள்ள நாளுக்குப் பதினான்கு நாள் முந்தியே இருக்கிறது.

உனக்குத் தெரிந்திருக்கிறது. திட்டவில்லை, என் பஞ்சாங்கத்தைப் பிடுங்கி எறியவில்லை. நான் நல்ல நாள் பார்த்துக்கொள்ள எனக்கென்று இரண்டு வாரம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் போய்விட்டாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே, எனக்கு இத்தனை வலித்திருக்காது.

உன் வேலையைத் தொடரப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனுஷர், அளந்து பேசுவார். ஆமையைக் கையாள்பவர்கள் யார் யார் என்று பாரத்தில் கேட்கும் இடத்தில், பழக்கத்தில் உன் பெயரை முதலில் எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை. அந்தத் தாளைக் கோப்பிலேயே வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

இந்த வருடம் வட்டம் போட நீ இல்லை. கடிதத்தைப் பார்த்து, பதினான்கு நாள் முன்னால் நானே ஒரு வட்டம் போட்டேன். அது நாளைக்கு. நாளைக்கு நவமி. பார்த்துவிட்டேன், பார்க்காமல் என்னால் இருக்க முடியுமா? இருந்தாலும் அலுவலகம் திறந்ததும் கொடுத்துவிடுவேன். மூலையில் மஞ்சள் மட்டும் வைத்திருக்கிறேன், அதற்கு நீ சிரித்துக்கொள்.

அந்த வில்லையின் எண் எனக்கு மனப்பாடம். பாக் டின்னிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆமை மறுபடி வந்தால், யாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.