உன் அப்பா என்று ஒரு கையெழுத்து

ஜனவரி 12

அன்புத் தோழிக்கு,

நலமா? என் இதயம் இந்தக் கோடையைத் தாண்டாதாம். டாக்டர் முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் கம்பெனியில் என் குரல், நினைவு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறோம். உடம்பு போனாலும் நான் பேசிக்கொண்டிருப்பேன்.

1968-இல் ஒரே வீட்டில் எல்லாவற்றையும் பொதுவாக்கி, கதவுகளைக்கூடக் கழற்றி எறிந்து வாழ்ந்தோமே, அதே வேலைதான் இதுவும். அன்று குடும்பம் என்ற சுவர், இன்று சாவு. ஒரே குறை, மகள் நீ பேசிய பதிவு இல்லை. கம்பெனிக்கு வந்து, என்னை 'அப்பா' என்று கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசு.

தாடி

ஜனவரி 25

தாடிக்கு,

நாள் முழுக்கப் பக்கவாதக்காரர்களை நடக்கவைத்துவிட்டு வந்து எழுதுகிறேன், கை கெஞ்சுகிறது.

பிள்ளைகள் பொது, யாரையும் அப்பா, அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று சட்டம் போட்டது யார்? சின்ன வயதில் காய்ச்சலில் "அப்பா" என்று கத்தினேன். கூடத்தில் இருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தீர்கள். நீதான், "இங்க அப்படி யாரும் இல்லையே கண்ணு" என்று சொன்னாய். சுவரை உடைத்தீர்கள், சரி. கழுவாத பாத்திரமும் காய்ச்சல்காரப் பிள்ளையும் அம்மா தலையில்தானே விழுந்தன?

ஒரே ஒரு முறை 'உன் அப்பா' என்று கையெழுத்துப் போட்டு எழுது. அடுத்த பஸ்ஸிலேயே வருகிறேன்.

உன் மகள்

பிப்ரவரி 9

அன்புத் தோழிக்கு,

இன்னுமா அந்தக் கோபத்தை அடைகாக்கிறாய்? கொள்கை கொள்கைதான். அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. கணினியை நீ ஆசை தீரக் கூப்பிடலாம், அது சலிக்காது. உன் கடிதங்களையாவது அதில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

தாடி

ஏப்ரல் 20

அன்பு மகளே,

என் உடம்பு போன வாரம் ஓய்ந்தது. நான் நலம். அன்று உன் காய்ச்சலில் சிரித்ததற்கு மன்னித்துவிடு, கண்ணு. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

உன் அப்பா

ஏப்ரல் 28

ஐயா,

கடிதம் கிடைத்தது. நான் கேட்டபடியே 'உன் அப்பா' என்று இருக்கிறது. பஸ்ஸுக்குக் கிளம்பப் பையைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு மறுபடி கையெழுத்தைப் பார்த்தேன். எங்கள் தாடி செத்தாலும் அப்படி எழுதமாட்டார். எழுதியிருக்கிறது என்றால் அவர் இல்லை. அப்போதுதான் அழுதேன்.

இனி எழுத வேண்டாம்.

இறந்தவரின் மகள்