வெயில் தின்ற வலது கன்னம்

9.4.2007
திண்டிவனம் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கண்டக்டர் தேவா என் முகத்தைக் கையால் பாதி மறைத்துப் பார்த்தான். பிறகு மறுபாதி.

"அண்ணே, எடது பக்கம் முப்பத்தஞ்சு வயசு. வலது பக்கம் உங்க அப்பா."

கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். உண்மைதான், படுபாவி. பதினான்கு வருஷமாக விழுப்புரம்–திண்டிவனம் பஸ் ஓட்டுகிறேன். காலையில் வடக்கே போகும்போது வெயில் வலது ஜன்னலில். சாயங்காலம் திரும்பும்போது சூரியன் மேற்கே போய், மறுபடி அதே ஜன்னலில். அதற்கு வேறு கன்னமே கிடைக்கவில்லையா?

29ஆம் தேதி வானூரில் பெண் பார்க்கப் போகிறோம். ஏழாவது இடம். ஆறாவது வீட்டில் என்னை மாப்பிள்ளையின் சித்தப்பா என்று நினைத்து, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி அலைய முடியாது என்று அம்மணி அக்கா சொல்லிவிட்டாள். எனக்கும் முப்பத்தெட்டு ஆகிறது. தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது.

11.4.2007
தேவா ஒரு பத்திரிகைத் துண்டு கொண்டுவந்தான். சந்தனம், கேரட் விதை இதிலெல்லாம் வடித்த எண்ணெய் வெயிலைத் தடுக்குமாம், சுருக்கத்தைப் போக்குமாம். இரண்டு தடவை படித்தேன்.

13.4.2007
கேரட் விதை எண்ணெய் கேட்ட கடையில் கால் கிலோ கேரட் நிறுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் தேவா எலுமிச்சைத் தோல் எண்ணெய் வாங்கி வந்தான்.

"இத்தாம் பெரிய வண்டியவே ஒரு எலுமிச்சம்பழம் காப்பாத்துது. உங்க கன்னத்தக் காப்பாத்தாதா?"

வண்டியின் முன்னால் கட்டியிருந்த பழத்தைப் பார்த்தேன். பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

14.4.2007
தடவிக்கொண்டு ஓட்டினேன். யாருப்பா ஊறுகா வச்சிக்கினு கீறது என்று ஓர் அம்மா சீட்டுக்கடியில் தேடினாள்.

18.4.2007
எரிகிறது. வேலை செய்கிறது என்கிறான் தேவா.

23.4.2007
ஐயோ. கன்னத்தில் புதுச்சேரி மேப் மாதிரி துண்டு துண்டாகக் கருப்புத் திட்டு. இருந்ததும் போச்சே! இன்னும் ஆறே நாள். அந்தத் தேவா பையனை பஸ்ஸுக்குக் கீழே படுக்க வைத்து —

29.4.2007
பெண்ணுக்குக் கம்பெனி வேலை என்றுதான் அக்கா சொல்லியிருந்தாள். செடியிலிருந்து எண்ணெய் வடிக்கும் கம்பெனி என்று சொல்லவில்லை.

இடது கன்னம் தெரியும்படி முகத்தைத் திருப்பி உட்கார்ந்தேன். பெண் பாஞ்சாலி காபித் தட்டோடு நேராக வலது பக்கம் வந்து நின்று, குனிந்து பார்த்தாள்.

"எலுமிச்ச எண்ணெ பூசிக்கினு வெயில்ல போனீங்களா?"

அக்கா என் காலை மிதித்தாள்.

"ஆமாங்க."

"அத்தப் பூசிக்கினு வெயில்ல போனா தோலு வெந்துடுங்க. எண்ணெ வடிக்கிற நாங்களே துண்டால மூடிக்கினுதான் வெளிய போறோம். எதுக்குப் பூசினீங்க?"

பொய் ஒன்றும் கிடைக்கவில்லை. "உங்களுக்குப் புடிக்கணும்னுதாங்க" என்றேன்.

சிரித்தாள். அவள் அப்பா சிரித்தார். வீடே சிரித்தது. நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுவும் போச்சு என்று திரும்பும் வழியெல்லாம் அக்கா திட்டினாள். எனக்குப் பாஞ்சாலியைப் பிடித்துவிட்டது. அதுதான் இப்போது பேஜார்.

3.5.2007
சம்மதமாம்! ஒரே நிபந்தனை, இனி எந்த எண்ணெயும் தொடக்கூடாது. கூடவே ஒரு வெள்ளைத் துண்டு கொடுத்தனுப்பியிருக்கிறாள், முகத்தில் சுற்றிக்கொண்டு ஓட்ட. திருடன் மாதிரி இருக்கிறேனாம், தேவா சொல்கிறான். இருக்கட்டும்.

26.8.2007
கல்யாணம். எழுத நேரமில்லை.

14.9.2007
ஆல்பம் வந்தது. தேவா மூன்று தடவை புரட்டினான்.

"பலே ஆளுண்ணே நீங்க. ஒரு போட்டோவுல கூட வலது கன்னத்தக் காட்டலயே!"

அப்போதுதான் நானும் கவனித்தேன். எல்லாவற்றிலும் இடது கன்னம்தான். சத்தியமாக நான் திட்டம் எதுவும் போடவில்லை. மணவறையில் அவளை எனக்கு வலப்பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். முகூர்த்தம் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.